நாளைக்கு வரச் சொல்லிச்சாம்

அவர் வந்தது வெள்ளிக்கிழமை. நான் வரச் சொல்லியிருந்தது வியாழக்கிழமை.

காலை பத்தரை மணி இருக்கும். பத்தாம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை, முழங்கால் வரை சேறு. 2004 செப்டம்பர் மாதம். முந்திய இரவு ஜவ்வாது மலையில் விடாத மழை. மூன்று மணி நேரம் நடந்து வந்திருந்தார். பைக்குள் ரேஷன் கார்டு, அண்ணன் மகனுக்கு எப்போதோ வாங்கிய சாதிச் சான்றின் நகல், என்னிடம் படித்த அவர் மகனின் போட்டோ இரண்டு. எனக்கென்று தனியாக ஒரு துணியில் முடிந்த சாமை அரிசி.

"சாரு நாளைக்கு வரச் சொல்லிச்சாம். அதான் விடியறதுக்கு முன்னயே கெளம்பிட்டேனுங்க" என்றார்.

சான்று விசாரணைக்காக மலைக்கு வந்த வருவாய்த் துறை அதிகாரி முந்தின நாளே வந்து, காத்திருந்த பெற்றோர்களை விசாரித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு ஜீப்பில் இறங்கிப் போய்விட்டார். அடுத்து எப்போது வருவார் என்று பள்ளியில் யாருக்கும் தெரியாது. அந்த மனிதரிடம் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. என் முதுகுக்குப் பின்னால் கரும்பலகையில், புதன்கிழமை நான் எழுதிய பட்டியல் அழிக்கப்படாமல் இருந்தது. 'நவ்' வந்தால் 'தென்'. 'டுடே' வந்தால் 'தட் டே'. 'டுமாரோ' வந்தால் 'தி நெக்ஸ்ட் டே'.

சேதி எப்படிப் போனது என்பதைப் பிறகு பையன்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருடைய மகன் விடுதியில் தங்கிப் படிப்பவன். புதன்கிழமை மதியம், காய்ச்சலில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "இவங்க அப்பாவ நாளைக்கு வரச் சொல்லுடா, சான்று விஷயம்னு சொல்லு" என்றேன். அவன் ஊர் வேறு. இருட்டும் நேரத்தில் வீடு சேர்ந்து தன் மாமாவிடம் சொன்னான். மாமா மறுநாள் காலை, அதாவது வியாழக்கிழமை காலை, மேட்டைத் தாண்டிப் போய் நிலத்தில் நின்றுகொண்டிருந்தவரிடம் சொன்னார். "நாளைக்கு வரச் சொல்லிச்சாம் சாரு." மூன்று வாய், ஒருவரும் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, மறக்கவில்லை, கூட்டவில்லை. நான் சொன்னது சொன்னபடியே போய்ச் சேர்ந்தது. அதுதான் கோளாறு. சொல் அப்படியே இருந்தது, அதைச் சுற்றி நாள் மாறிவிட்டது.

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பரவால்லீங்க சாரு, சேதி வந்துச்சே, அதுவே பெருசு" என்றார். என் மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தார். பையனுக்குச் சான்று கைக்கு வந்தது அடுத்த ஆண்டு ஆகஸ்டில். பாலிடெக்னிக் சேர்க்கை முடிந்து போயிருந்தது. ஒரு வருஷம் திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுத்தான் அவன் படிப்புக்குத் திரும்பினான்.

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பாடத்தை அதற்கு முன்பு மூன்று வருஷம் அந்தப் பள்ளியில் நடத்தியிருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் அது என்ன பாடம் என்று எனக்குப் புரிந்தது.

நான் ஆரணிப் பக்கத்துக்காரன். 2001-இல் மலைமேல் இருந்த அரசு உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தேன். போளூரில் பஸ் ஏறினால் வளைவு வளைவாக ஏறி ஜமுனாமரத்தூரில் இறக்கிவிடும். அங்கிருந்து கிடைக்கிற வண்டி, இல்லாவிட்டால் நடை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. அப்போது திருவண்ணாமலை, வேலூர் என்று இரண்டு மாவட்டங்களில் கிடந்தது. 2019-இல் திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகு மூன்று. மலையில் வாழ்பவர்களுக்கு மலையாளி என்று பெயர். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். என் உறவினர்கள் பலர், "அங்க மலையாளத்திலயா பாடம் நடத்துற?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ்தான். அதுவும் நாங்கள் கீழே தொலைத்துவிட்ட பல சொற்களை வைத்திருக்கும் தமிழ்.

அந்தக் காலத்தில் மலையூர்களில் செல்போன் எடுக்காது. சேதி என்பது ஆள் மூலம் போவது. பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்கு வந்தவர், புளி விற்க இறங்கியவர், சந்தைக்குப் போய்த் திரும்பும் பாட்டி என்று எல்லோரும் யாரோ ஒருவருடைய சொல்லைச் சுமந்துகொண்டுதான் நடந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு, பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வது எப்படி என்று கீழிருந்து போன நான் பட்டியல் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பட்டியல் எனக்கு வந்த வழி எல்லோருக்கும் வந்த வழிதான்: ரென் அண்ட் மார்ட்டின். பம்பாய் மாகாணத்தில் கல்வித் துறையில் வேலை பார்த்த பெர்சிவல் கிறிஸ்டோபர் ரென், மார்ட்டின் என்பவரோடு சேர்ந்து எழுதிய ஆங்கில இலக்கணப் புத்தகம். இதே ரென் 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை எழுதிப் புகழ்பெற்றவர். இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்து அந்த இலக்கணம் எழுதப்பட்டது என்பார்கள். அது உண்மையானால் பல விஷயங்கள் விளங்கும். ஆங்கிலம் வீட்டில் பேசும் பிள்ளைக்கு 'வில்' எப்போது 'வுட்' ஆகும் என்பது காதிலேயே இருக்கும். பட்டியல் அதை நினைவூட்டினால் போதும். எங்கள் பிள்ளைகளுக்குப் பட்டியலைத் தவிர வேறு எதுவும் கிடையாது. பொதுத் தேர்வில் கேள்வி தவறாமல் வரும் என்பதால் மனப்பாடம் செய்தார்கள். மேற்கோள் குறியை எடு, 'தட்' போடு, ஒவ்வொரு வினையையும் ஒரு படி பின்னால் தள்ளு. கேள்வி வாக்கியத்துக்கும் 'தட்', கட்டளைக்கும் 'தட்'. ஒரு பையன் மேற்கோள் குறியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அப்படியே எழுதி வைத்திருந்தான். அவனுக்கு நான் சுழியம் போட்டேன். இன்று யோசித்தால் அவன்தான் தன் மொழிக்கு உண்மையாக இருந்தான். பேச்சுத் தமிழ் அதைத்தானே செய்கிறது? "எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னான்" என்கிறோம். சொன்னவன் வாயில் இருந்த 'எனக்கு' அப்படியே இருக்கிறது. பின்னால் ஒரு 'ன்னு' ஒட்டிவிட்டால் அது அவனுடைய சொல் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

அடுத்த திங்கட்கிழமை பட்டியலை அழித்தேன். வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தவன் காதில் ஒரு வாக்கியம் சொல்லி, கடைசி பெஞ்ச் வரை ஒவ்வொருவராகக் கடத்தச் சொன்னேன். நடுவில் ஒருவனை மட்டும் வெளியே அனுப்பி, மறுநாள் காலை வந்து மிச்சத்தைக் கடத்து என்றேன். வாக்கியம் இதுதான்: "இன்னிக்கு சாயங்காலம் நான் இங்கயே இருப்பேன், நாளைக்கு நீ வா." மறுநாள் கடைசி பெஞ்சில் இருந்த பெண் எழுந்து அதைச் சொன்னபோது, எந்த 'இன்னிக்கு', யார் 'நான்', எது 'இங்க' என்று வகுப்பே சத்தம் போட்டது. தங்கள் வகுப்புத் தோழனின் அப்பாவுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. 'டுமாரோ' ஏன் 'தி நெக்ஸ்ட் டே' ஆகிறது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தமிழ் இலக்கணப் பாடத்திலும் இதே மாற்றம் இருக்கிறது. 'இன்று' அன்று ஆகும், 'நாளை' மறுநாள் ஆகும், 'இங்கே' அங்கே ஆகும், தன்மையும் முன்னிலையும் படர்க்கை ஆகும். தமிழ் ஆசிரியர் ஒன்பதாம் வகுப்பிலேயே நடத்திவிட்டிருந்தார். இரண்டு பாடமும் ஒன்றுதான் என்று நாங்கள் இருவரும் பிள்ளைகளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரே கட்டடத்தில், பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தோம்.

அதற்குப் பிறகு பாடத்தின் வரிசையை மாற்றினேன். புத்தகம் சாதாரண வாக்கியத்தில் தொடங்கும். கட்டளை வாக்கியம் பின்னால்தான் வரும். நான் கட்டளையில் தொடங்கினேன். "வரச் சொன்னார்" என்பதை ஆங்கிலத்தில் சொல் என்றால் 'டோல்ட் ஹிம் டு கம்'. வர, 'டு கம்'. சொன்னார், 'டோல்ட்'. எச்சத்துக்கு எச்சம் நிற்கிறது. இரண்டு மொழியும் கைகோத்துக்கொள்ளும் இடம் அது. நடுவில் 'தட்' வராது, வினையைப் பின்னால் தள்ள வேண்டியதில்லை. "எங்க அம்மா தண்ணி எடுத்தாரச் சொல்லிச்சி", "வார்டன் விளக்க அணைக்கச் சொன்னாரு", "டாக்டர் மாத்திரைய முழுங்கச் சொன்னாங்க" என்று பிள்ளைகள் வரிசையாக எடுத்து விட்டார்கள். ஒரே மணி நேரத்தில் முப்பது வாக்கியம் ஆங்கிலத்தில் வந்தது. அதுவரை வகுப்பில் வாய் திறக்காத பெண் ஒருத்தி ஏழு வாக்கியம் சொன்னாள்.

அதே வகுப்பில்தான், எந்த வினையைப் போடுவது என்ற பேச்சு வந்தது. 'டோல்ட்' போடலாம், 'ஆர்டர்ட்' போடலாம், 'ரிக்வஸ்டட்', 'அட்வைஸ்ட்', 'பெக்ட்' போடலாம். புத்தகம் 'ப்ளீஸ்' இருந்தால் 'ரிக்வஸ்டட்' போடு என்று சொல்லி முடித்துவிடும். ஒரு பையன் கேட்டான்: "எங்க தாத்தா ஃபாரஸ்ட்காரங்ககிட்ட, 'அய்யா, எங்க ஆட்ட உட்டுடுங்க'ன்னிச்சி. ப்ளீஸ் இல்லீங்க. அது ரிக்வஸ்டடா, பெக்ட்டா?" நான் உடனே பதில் சொல்லவில்லை. தாத்தா எப்படி நின்றார், குரல் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவன் நின்று காட்டினான். 'பெக்ட்' என்று வகுப்பே சொன்னது. அவனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. தாத்தா கெஞ்சவில்லை, அது தாத்தாவின் ஆடு, கேட்டார், 'ஆஸ்க்ட்' என்று போடுவேன் என்றான். அப்படியே போடு என்றேன். இன்னொருவர் பேச்சை எடுத்துச் சொல்லும்போது நாம் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு வினையில் அவருடைய மானம் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் இதற்கு இடம் கிடையாது.

பிறகு 'தான்' வந்தது. புத்தகத்தில் இருந்த ஒரு வாக்கியத்தைச் சற்று மாற்றிப் பலகையில் எழுதினேன்: 'ராமு டோல்ட் கோபு தட் ஹி ஹேட் பாஸ்ட்.' பின்னால் இருந்து ஒரு குரல்: "சார், இந்த 'ஹி' யாரு? ராமுவா, கோபுவா?" ஆங்கிலத்தில் அது தெரியாது, முன்பின் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். நம் மொழியில் இந்தச் சங்கடமே இல்லை. "தான் பாஸானதாக ராமு சொன்னான்" என்றால் ராமு. "அவன் பாஸானதாக ராமு சொன்னான்" என்றால் பெரும்பாலும் வேறொருவன். தான், தனக்கு, தன் என்ற இந்தச் சொற்கள் சொன்னவனையே போய்ப் பிடித்துக்கொள்கின்றன. இதை நான் பலகையில் எழுதியபோது பிள்ளைகள் முகத்தில் கண்டதை என்னால் மறக்க முடியாது. ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று தங்களிடம் இருக்கிறது என்று அவர்களிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. மலையில் சாமை விளைகிறது, பலா விளைகிறது, தேன் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வாயில் இருப்பதைப் பற்றிச் சொன்னதில்லை.

கடினமான இடம் வினையின் காலம். "மழை பெய்யுதுன்னு சொன்னான்" என்று தமிழ் பெய்வதைப் பெய்வதாகவே விட்டுவிடும். ஆங்கிலம் 'வாஸ் ரெய்னிங்' என்று பின்னால் இழுக்கும். "இப்பவும் பெய்யுதே சார், ஏன் வாஸ்?" என்று ஜன்னல் பக்கம் இருந்தவன் கேட்டான். உண்மையிலேயே பெய்துகொண்டிருந்தது. என்றும் மாறாத உண்மை என்றால் மட்டும் நிகழ்காலம் அப்படியே நிற்கும், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதைப் போல, என்பது புத்தகத்தின் பதில். ஆங்கிலத்தைப் பேசுபவர்கள் அவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை. சொன்ன விஷயம் இன்னும் உண்மையாக இருந்து, சொல்பவரும் அதை ஏற்றுக்கொண்டால் நிகழ்காலத்தை அப்படியே வைப்பார்கள். இது எனக்குத் தெரியும். ஆனால் தேர்வுத் தாளுக்குப் பயந்து அதைச் சொல்லாமல் வந்தேன்.

அதற்குத் துணிச்சல் வந்தது காவலூரில். ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், அதே மலைத்தொடரில் இருக்கிறது அந்த வானாய்வகம். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. ஆய்வகத்தைக் கட்டியெழுப்பிய வானியலாளர் வைணு பாப்பு 1982-இல் காலமானார். 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தபோது ஆய்வகத்துக்கு பாப்புவின் பெயரை வைத்தார்கள். 2005 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பத்தாம் வகுப்பை அங்கே அழைத்துப் போனோம். சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சற்று இறங்கி வந்த பிள்ளைகளிடம், அங்கிருந்தவர் ஒருவர் யுரேனஸைப் பற்றிச் சொன்னார். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு கடந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானத்திலிருந்தும் வேறு சில இடங்களிலிருந்தும் அதைக் கவனித்தார்கள். காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அன்று அந்த விண்மீன் மங்குவதைப் பதிவு செய்தது. முதலில் அது ஒரு புதிய துணைக்கோளாக இருக்கும் என்றே இங்கிருந்தவர்கள் எழுதினார்கள். எல்லோருடைய பதிவையும் சேர்த்துப் பார்த்தபோது யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்பது உறுதியானது.

திரும்பும் வேனில் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் ஆரணியில் படித்தபோது, சனிக்கு மட்டும்தான் வளையம் உண்டு என்று என் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. மாறாத உண்மை. இப்போது அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? 'அவர் டீச்சர் செட் தட் ஒன்லி சாட்டர்ன் ஹேட் ரிங்ஸ்.' இங்கே 'ஹேஸ்' போட முடியாது. போட்டால் நானும் அதை நம்புகிறேன் என்றாகிவிடும். 'ஹேட்' போட்டால் அது அவர் சொன்னது, அந்த நாளில் சொன்னது, நான் அதற்குப் பொறுப்பில்லை என்று பொருள்.

திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொன்னபோது, அந்த மழைக் கேள்வி கேட்ட பையன் உடனே எழுந்தான். "அப்ப அது நம்ம 'ஆம்' மாதிரிங்களா சார்?"

அவன் சொன்னது சரி. வந்தான் என்றால் நான் பார்த்தேன். வந்தானாம் என்றால் கேள்விப்பட்டேன். அந்த மலையில் இந்த 'ஆம்' விழாத பேச்சைக் கேட்பது அரிது. "கீழ பஸ் நின்னுடுச்சாம்", "அவங்க ஊட்ல பொண்ணு பாத்துட்டாங்களாம்." பார்க்காததைப் பார்த்தது போலச் சொல்வது அங்கே மரியாதைக் குறைவு. பெரியவர் ஒருவர் 'ஆம்' போட மறந்தால் பக்கத்தில் இருப்பவர் "நீ பாத்தியா?" என்று கேட்டுவிடுவார். துருக்கி மொழியில் இதே வேலைக்கு 'மிஷ்' என்று ஒரு விகுதி இருக்கிறது. ஜெர்மனியில் செய்தித்தாள்கள் பிறர் சொன்னதை எழுதும்போது வினைக்கென்று தனி வடிவமே வைத்திருக்கின்றன. ஆங்கிலத்திடம் அப்படி விகுதி எதுவும் இல்லை. காலத்தைப் பின்னால் தள்ளி அந்த வேலையில் கொஞ்சத்தைச் செய்துகொள்கிறது. தொல்காப்பியம் 'என' என்ற இடைச்சொல்லுக்கு ஆறு பொருள் சொல்கிறது. அந்த நூலைத் திறந்தால் 'என்ப', 'என்மனார்' என்று வந்துகொண்டே இருக்கும். இலக்கணம் வகுத்தவரே முன்னோர் சொன்னதை முன்னோர் சொன்னதாகத்தான் சொன்னார். மலைப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் எட்டாது என்று ஆசிரியர் அறையில் அடிக்கடி பேசிக்கொள்வோம். நானும் பேசியிருக்கிறேன். அது தவறு.

அந்த ஆண்டு இறுதியில் அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் என்ற தொகுதிகளில், வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கும் கதை, இந்த மலைக்காரர்களின் முன்னோர் பற்றியது. காஞ்சிபுரத்து வேளாளர் வீட்டுப் பெண்கள் ஏழு பேரைக் கங்குந்தி வேடர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்களாம். போகும்போது மனைவிகளிடம், நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டு காரியம் செய்துவிடுங்கள் என்றார்களாம். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி நீந்தி ஊருக்கே வந்துவிட்டன. வேடர்களை வென்று இவர்கள் ஊர் திரும்பியபோது மனைவிகள் விதவைக் கோலத்தில் இருந்தார்களாம், சடங்கு முடிந்து போயிருந்ததாம், ஊர் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லையாம். அந்த ஏழு பேரும் வேடர் பெண்களை மணந்து இந்த மலைக்கு வந்து நிலம் திருத்தினார்கள் என்று கதை முடிகிறது. இது நடந்ததா என்பது வேறு. மலையில் வேறு கதைகளும் சொல்கிறார்கள்.

கதையை ஒவ்வொருவராக ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல வைத்தேன். சொல்லச் சொல்ல வகுப்பில் ஒரு வாக்குவாதம் கிளம்பியது. தவறு யாருடையது? மனைவிகள் அவசரப்பட்டார்கள் என்றனர் சிலர். சான்றுக்காக அப்பா ஒரு நாள் தாமதமாக வந்தாரே, அந்தப் பையன் எழுந்து மெதுவாகச் சொன்னான்: "நாய் பொய் சொல்லல சார். அந்தம்மாங்களும் சொன்னபடிதான் செஞ்சாங்க. சேதிய அப்பிடி சொல்லி வெச்சுட்டுப் போனாங்க பாருங்க, அவங்கதான்."

அவன் என்னைக் குத்திச் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எனக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்று பாக்கி இருந்தது. அந்த வகுப்பின் முன்னால், உன் அப்பாவுக்கு நான் அனுப்பிய சேதியில் தேதி சொல்லாதது என் தவறு என்றேன். 'வியாழக்கிழமை' என்ற ஒரே சொல் போதுமாயிருந்தது. யார் வாயில் போனாலும், எந்த நாளில் போய்ச் சேர்ந்தாலும் வியாழன் வியாழன்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மணி அடித்தது.

2008-இல் மாற்றலாகிக் கீழே வந்தேன். ஏழு வருஷம் கழித்து, 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் 20 பேர் ஆந்திரச் சிறப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த செய்தி வந்தது. திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் அதிகம். ஜவ்வாது மலையிலிருந்து போனவர்கள் இருந்தார்கள். பெயர்களை நடுங்கும் கையோடு படித்தேன். செம்மரம் வெட்டியவர்கள் கல்லாலும் கோடாரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று போலீஸ் சொன்னது. இறந்தவர்களில் சிலரை முந்தின நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உடன் சென்றவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். இரண்டும் ஒருவர் சொன்னதுதான். ஆனால் அந்த வாரம் நான் படித்த பல செய்திகளில் முதல் வாக்கியத்தின் முடிவில் 'என்று போலீஸ் தெரிவித்தது' என்பது இல்லை. அது நடந்த விஷயமாகவே நின்றது. தொழிலாளிகள் சொன்னதற்கு மட்டும் 'என்று கூறுகின்றனர்' தவறாமல் இருந்தது. வகுப்பறையில் ஓரிரு மதிப்பெண் பெறும் அந்தச் சிறு சொல்லை, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அன்று கண்டேன். இறந்தவர்கள் மறுத்துப் பேச முடியாதவர்கள். அவர்களைப் பற்றி யார் சொன்னது என்பதையாவது எழுத வேண்டும்.

அந்த மலையில் இன்று ஆங்கிலம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடம் வரும்போது முதல் நாள் புத்தகத்தைத் திறக்காதீர்கள், பட்டியலை எழுதாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்புங்கள். வீட்டில் உள்ளவர்கள் சொன்ன பதிலோடு வரச் சொல்லுங்கள். மறுநாள் அதைத் தமிழிலேயே சொல்ல வையுங்கள். எந்த இடத்தில் 'ஆம்' போடுகிறார்கள், எந்த இடத்தில் 'தான்' போடுகிறார்கள், எதைச் சொல்லும்போது தயங்குகிறார்கள் என்று கவனியுங்கள். அதற்குப் பிறகு சாக்பீஸை எடுங்கள்.